டென்ட் அடிக்காத கேம்பிங்

போட்டோவில் ஐந்து பழைய பைக் வரிசையாக நிற்கிறது, டென்ட் ஒன்றையும் காணவில்லையே என்று கேட்டவர்களுக்காக இது. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பைக்கில் எங்களுக்குப் பெரிய காதல் ஒன்றும் இருக்கவில்லை. 2022இல், கியூஆர் கோட்டுக்குக் கிழமைக்கு 4 லீட்டர் பெற்றோல் என்று வந்த நேரம்தான் தொடங்கியது. கொட்டிலுக்குள் கோழி அடைந்துகிடந்த வாப்பாவின் ஹொண்டா சிடி 125க்கும் புத்தகம் இருக்கிறதே, அதற்கும் ஒரு கோட் எடுக்கலாமே என்ற ஆசையில் வெளியே இழுத்தோம். ஸ்ரீ நம்பர். உதிரிப்பாகம் தேடிக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு இரண்டு தரம் போய்வந்த பஸ் காசைக் கணக்குப் பார்த்தால், அந்த 4 லீட்டரைத் தங்கத்துக்கு வாங்கியிருக்கிறோம்.

கராஜில் இதே நோய் பிடித்த இன்னும் நாலு பேர் அகப்பட்டார்கள். மூவர் எங்கள் ஊர், ஒருவர் பக்கத்து ஆரையம்பதி. அவரிடம் ஒரு பிஎஸ்ஏ பேன்டம். அது 1948இல் வந்த மாடல். டிகேடபிள்யூ என்ற ஜெர்மன் கம்பனியின் வரைபடம். யுத்தத்தில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து நட்டஈடாக எடுத்து பிரிட்டிஷ்காரர் செய்தது. யமஹாவின் முதல் பைக், 1955இல் வந்தது, அதுவும் இதே டிகேடபிள்யூவைப் பார்த்துச் செய்ததுதான். அதனால் எங்கள் குறூப்பில் யமஹா வைத்திருப்பவரை அவர் 'சின்னவன்' என்றுதான் கூப்பிடுவார். இங்கிலாந்தில் 1946இல் தொடங்கிய பழைய மோட்டார் சைக்கிள் சங்கம் ஒன்று இருக்கிறது. 25 வயது தாண்டிய பைக்கெல்லாம் அவர்களுக்குப் பழையது. அந்தக் கணக்கில் எங்கள் ஊரில் மீன் ஏற்றி ஓடும் பாதி பைக் சேர்ந்துவிடும்.

ஜெர்மனியில் 1956இலிருந்து குளிர்காலத்தில் பைக்காரர்கள் கூடிப் பனிக்குள் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். அதற்குப் பெயர் யானைச் சந்திப்பு. யானை என்றால் நிஜ யானை இல்லை, ஒரு பெரிய பச்சை நிற சுன்டாப் பைக்குக்கு வைத்த பட்டப்பெயர். இதைப் படித்துவிட்டுத்தான் நாங்களும் ஒரு ராத்திரி வெளியே தங்குவோம் என்று தீர்மானித்தோம். எங்கே என்றதும் ஆரையம்பதிக்காரர் சொன்னார்: "படுவான்கரைக்குப் போவம். தாந்தாமலைப் பக்கம்."

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

வாப்பா பிடவை வியாபாரி. மண்முனைத் துறையில் பாதையில் பைக்கை ஏற்றி வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் ஊர் ஊராகப் போவார். சீலை, சாரம், எங்கள் ஊர்க் கைத்தறி. எல்லாம் கடன்தான்; வயல் வெட்டினால் காசு, இல்லாவிட்டால் நெல். 1990 ஆகஸ்ட் 3க்குப் பிறகு அவர் அந்தத் துறைக்குப் போகவேயில்லை. எங்கள் பள்ளிவாசல்களில் அன்று இரவு நடந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. கொக்கட்டிச்சோலைக்காரருக்கும் 1987 இருக்கிறது, 1991 இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு எங்கள் ஊர் வியாபாரிகள் மறுபடியும் போய்வருகிறார்கள். ஆனால் போகிறவர்கள் மஃரிபுக்கு முன் திரும்பிவிடுவார்கள். உம்மா கேட்டதும் அதைத்தான்: "பகலைக்குப் போறது சரி. ராவைக்கும் அங்கயா?"

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். வாப்பாவின் கடன் கொப்பி எங்கள் பேக்குக்குள் இருந்தது. ஏன் எடுத்தோம் என்று இப்போதும் தெரியாது. பாலத்தைக் கடக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

குளக்கட்டில் நல்ல இடம் பார்த்து டென்ட்டை விரிக்கும்போது வயலுக்குள்ளிருந்து ஒரு ஐயா ஓடிவந்தார். எழுபது வயதிருக்கும். "தம்பிமாரே, இஞ்ச அடிக்காதீங்க. இது யானை தண்ணிக்கு இறங்குற வழி." கதிர் முற்றிய நேரம். வெட்டுக்கு இன்னும் ஒரு கிழமை. கதிர் வந்த நாளிலிருந்து அவர் வீட்டில் படுக்கவில்லையாம், மரத்தில் கட்டிய பரணில்தான். எங்களைத் தன் காவல் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். மஃரிபுக்கு நேரமாகிறது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதைக் கண்டு, கேட்காமலே நெல் காயப்போடும் படங்கை உதறி விரித்துவிட்டு, "மேற்கு அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார்.

நாங்கள் கொண்டுபோன ரொட்டியும் மீனும், அவருடைய தேத்தண்ணியும். வாப்பாவின் பைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"முந்தி இந்தச் சாதியில உங்கட ஊர்ப் பிடவைக்காரர் வாறவங்க."

பெயர் தெரியுமா என்று கேட்டோம். தெரியாது. கனபேர் வந்தார்கள், அவர் அப்போது மாடு மேய்க்கப் போய்விடுவார். "அம்மாதான் வாங்குவா. ஒரு சீலைக்குக் காசு குடுக்கோணும் எண்டு முடிஞ்சி வெச்சிருந்தா. ஆள் வரல்ல. மறுகா நாங்களும் இடம்பெயர்ந்து போயிட்டம்."

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. கொப்பியில் இந்த ஊரின் பெயர் இருந்தது, வாப்பாவின் சாய்ந்த எழுத்தில். அதை நாங்கள் வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் அவர் காசைப் பற்றித்தான் நினைத்திருப்பார்.

இரவு ஒரு மணியளவில் வெடிச்சத்தம். கண் திறந்தபோது எங்களில் இரண்டு பேர் நிலத்தில் குப்புறக் கிடந்தோம், தலைக்கு மேல் கை. தொண்ணூறில் எங்களுக்குப் பத்து, பதினொரு வயது, உடம்பு மறக்கவில்லை. பக்கத்து வயல்காரர் போட்ட யானை வெடி அது. ஐயா பரணிலிருந்து டோர்ச் அடித்தார். குளக்கட்டில், பின்னேரம் நாங்கள் டென்ட் விரித்த இடத்தில், ஒரு தனியன் நின்றது. அவ்வளவு பெரிய மிருகம் நடந்தால் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் காட்டுப் பக்கம் திரும்பியது.

இறங்கிவந்த ஐயா நாங்கள் கிடந்த கிடையைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "எனக்கும் முதல் வருசம் அப்பிடித்தான்," என்றார்.

விடியும்வரை ஒருவரும் படுக்கவில்லை. அடுப்பைச் சுற்றி இருந்து நெல் விலையும் உர விலையும் பேசினோம். பேத்தி இந்த வருடம் ஓஎல் எழுதுகிறாளாம், கணிதத்துக்கு ஆள் இல்லையாம். எங்களில் ஒருவர் கணிதம் படிப்பிப்பவர் என்று தெரிந்ததும் ஐயா வேறு ஒன்றும் பேசவில்லை, நேராகக் கேட்டார். ஞாயிறு காலையில் கொக்கட்டிச்சோலையில் இடம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.

ஸுபஹுக்குப் பிறகு வெளிக்கிட்டால் சிடி 125 ஸ்டார்ட் ஆகவில்லை. பனி குடித்துவிட்டது போல. உதைத்து உதைத்துக் கால் போனதுதான் மிச்சம். கடைசியில் ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் பிடித்தார். குளக்கட்டு நெடுக எல்லோரும் சேர்ந்து தள்ளினோம்.