மரம் சீவத்தான் போவே

1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று சைக்கிளைப் பற்றியது. எதிரே தோட்டத் துரை வந்தாலும் கணக்கெழுதும் கிராணி வந்தாலும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிக்கொண்டு போக அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். அதே பட்டியலில் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் இருந்தது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், முறையான மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுவது, பெண் தொழிலாளர்களிடம் மேலே இருப்பவர்கள் அத்துமீறுவதற்கு முடிவு என எல்லாமே இருந்தன. அரை வயிற்றுக் கூலிக்காரர்கள் சைக்கிளையும் விட்டுவிடவில்லை.

அந்தக் கோரிக்கைகளுக்கான வேலைநிறுத்தப் போராட்டத்தை நடத்தியது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். முன்னின்றவர்களில் ஒருவர் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன். மே மாதம் அவரைக் கைது செய்து, பிறகு நாடு கடத்தினார்கள். தொழிலாளர்கள் கொதித்துப்போனார்கள். வேலைநிறுத்தம் கிள்ளானைத் தாண்டிப் பரவியது. அவசரநிலை வந்தது, பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் மாண்டார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. பெரியவனான பிறகு படித்தபோது, மற்ற எல்லாவற்றையும் விட அந்தச் சைக்கிளில்தான் என் மனம் நின்றது. ஏனென்றால் நான் வளர்ந்த கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில், அதெல்லாம் நடந்து பல்லாண்டுகள் ஆன பிறகும், செம்மண் சடக்கில் கிராணி வந்தால் என் தாத்தா சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாய் நிற்பார். இறங்கச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை. கால் தானாக இறங்கியது.

புக்கிட் ரோத்தான், ஈஜோக், ராஜா மூசா, இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை என்று எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டைப் பார்த்தாலே அதில் இருப்பவருக்கு என்ன வேலை என்று தெரிந்துவிடும். மேட்டில் துரை பங்களா. அதற்குக் கீழே சின்னத் துரை. பூந்தொட்டியும் வேலியும் வைத்த கிராணி வீடு, மருந்து கொடுக்கும் டிரசர் வீடு. கடைசியில் லயத்து வீடுகள், அவற்றிலும் வேலை வாங்கும் தண்டல் வீடு சற்றே ஒதுங்கி முன்னால் இருக்கும். கிராணி வீட்டுச் சிறு பிள்ளை என் தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். தாத்தா அந்தப் பிள்ளையை ‘வாங்க’ என்பார். ஊரிலிருந்து கப்பலில் கூடவே வந்த சாதியும் இந்த ஏணியில் அச்சுப் பிசகாமல் பொருந்திக்கொண்டது. ஆள் கட்டி வந்த கங்காணி என்ன சாதி, அவரிடம் கூலியாய்ச் சேர்ந்தவர் என்ன சாதி என்று பெரியவர்களுக்குத் தெரியும். வெளியே பேசமாட்டார்கள். வேலை என்ற புதுப் பெயர் கிடைத்துவிட்டதால் பழைய பெயரை உரக்கச் சொல்லும் தேவை இல்லாமல் போயிற்று.

இப்படிக் கடைசிப் படியில் வைக்கப்பட்ட மரம் சீவும் வேலை எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ரப்பர் மரத்தின் பட்டையில் பால் ஓடும் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, சற்றே சாய்ந்து சுற்றிக்கொண்டு ஏறும். அதனால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்க வேண்டும். அப்போதுதான் குழாய்கள் நிறைய அறுபடும். பால் அதிகம் இருப்பது பட்டையின் உள் ஓரத்தில், மரத்தை ஒட்டி. அந்த ஓரத்துக்கும் மரத்தின் உயிர்ப்படலத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. உளி அதற்கு முன்னே நின்றுவிட்டால் பால் குறையும். அதைத் தாண்டினால் மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளர்ந்து பிறகு சீவ உதவாது. தடிமனாகச் சீவினால் பட்டை சீக்கிரம் தீர்ந்து மரத்தின் ஆயுளே குறைந்துவிடும். இத்தனையையும் விடிவதற்கு முன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு நாளைக்கு 400, 500 மரங்களில் செய்ய வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும் என்பதால் நடையும் ஓட்டமுமாகத்தான் செய்ய வேண்டும். என் அம்மா சீவிய பட்டை நூல் பிடித்ததுபோல் ஒரே கனத்தில் சுருண்டு விழும். அதைச் செய்ய ஓர் அறுவை மருத்துவரின் கை வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கடனில் கிடந்த பிரிட்டனுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்தவற்றில் மலாயா ரப்பர் முக்கியமானது. அந்த ரப்பர் இந்தக் கைகளிலிருந்துதான் போயிற்று. ஆனால் பால் ஸ்டோரில் வாளியைத் தூக்கி வைத்த அம்மா, கிராணி புத்தகத்தில் என்ன எடை எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்கக் கூடாது. மழை பெய்த நாளில் பெயர் விழாது, கூலி இல்லை. உடம்பு முடியாமல் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். பெஸ்தாரி ஜெயா பக்கம் மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டு எத்தனை வருடம் அலைந்தார்கள் என்பதைப் பத்திரிகை படிக்கிறவர்கள் அறிவார்கள். தலைமுறை தலைமுறையாக உழைத்த இடத்திலேயே அவர்கள் தங்கள் இடத்தைக் கேட்டு நிற்க வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடம் வந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் ஆயாக்கொட்டகை போன்ற ஒரு கொட்டகை பள்ளிக்கூடம் ஆனது, எழுத்துத் தெரிந்த ஒரு தண்டல் ஆசிரியர் ஆனார். காலம் போகப்போக நல்ல ஆசிரியர்கள் வந்தார்கள். என்னைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் கணக்குத் தப்பாய்ப் போட்ட பிள்ளையிடம் வகுப்பில் சொல்லப்பட்டது ஒரே வாக்கியம்: “படிக்கலன்னா மரம் சீவத்தான் போவே.” வீட்டில் அம்மாவும் அதையே சொன்னார்.

அம்மா ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். முதுகு வலியும் கைக்கு வந்த காசும் அவருக்குத் தெரியும். தீபகற்ப மலேசியாவில் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் என்ற நிலையே 2013-இல்தான் வந்தது. அந்த வேலையிலிருந்து பிள்ளையைத் தப்ப வைக்க நினைத்தது நியாயம். ஆனால் அந்த ஒற்றை வாக்கியத்தில் இரண்டு சேதி இருந்தது. இந்த வேலைக்குக் கூலி குறைவு என்பது ஒன்று. இந்த வேலை செய்கிறவர் தோற்றுப்போனவர் என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பொறுப்பு தோட்ட முதலாளி. இரண்டாவதை அவன் சொல்லத் தேவையே இருக்கவில்லை. நாங்களே எங்கள் பிள்ளைகளுக்குச் சோறோடு சேர்த்து ஊட்டினோம். கூலியைக் குறைத்து வைக்க விரும்புகிறவனுக்கு இதைவிட மலிவான உதவி கிடையாது. மதிப்பில்லாத வேலைக்கு யார் அதிகம் கேட்பார்கள்?

தோட்டங்கள் செம்பனையாயின, சில தாமான் குடியிருப்புகளாயின. நாங்கள் கோல சிலாங்கூருக்கும் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்தோம். ஏணியையும் மறக்காமல் தூக்கிக்கொண்டு வந்தோம். கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பது. பாதுகாவலர் என்றால் பேச்சு முடிந்தது, பொறியியலாளர் என்றால் காப்பி வரும். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் புதுக்கோட்டையிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ வந்து நமக்குப் பரிமாறும் பையனை ‘ஊர்க்காரன்’ என்கிறோம், ‘டேய்’ என்று விரல் சொடுக்குகிறோம். நம் பாட்டன் எந்த ஊர்க்காரன்? செம்பனைக் காட்டில் இன்று குலை வெட்டுகிறவர்களும் மருந்து அடிக்கிறவர்களும் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அன்று முதுகில் பம்பைச் சுமந்து பராகுவாட் களைக்கொல்லி அடித்து நகம் கறுத்து மூக்கில் ரத்தம் வழிந்த பெண்கள் நம் அத்தைமார், சித்திமார். பெண்கள் உரிமை அமைப்பான தெனாகானித்தா 2002-இல் அவர்களைப் பற்றி ஆய்வு வெளியிட்டது. அந்த மருந்துக்கு முழுத்தடை 2020-இல் வந்தது. அந்தப் பம்பு இப்போது வேறொருவர் முதுகில் இருக்கிறது. அவரை நாம் எப்படி அழைக்கிறோம் என்று நான் கவனித்துக்கொண்டே இருக்கிறேன், கோபம் வருகிறது.

எங்கள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் இன்னும் ‘தோட்டம்’ இருக்கிறது. தோட்டமே போய்விட்டாலும் பலகையில் பெயர் இருக்கிறது. ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவுக்கு ஒரு டத்தோவோ, மருத்துவரோ, வழக்கறிஞரோ சிறப்பு விருந்தினராக வருகிறார், அவரைப்போல் ஆக வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவர்கள் வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஆண்டு முன் வரிசையில் அவர்களை உட்கார வைத்துவிட்டு, மேடைக்கு மரம் சீவிய ஒரு பாட்டியைக் கூப்பிடுவோம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். உளியையும் பால் மங்குகளையும் கொண்டுவரச் சொல்வோம், பள்ளி வேலியோரம் இன்னும் நிற்கும் பழைய ரப்பர் மரத்தில் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சீவிக் காட்டட்டும் என்றேன். சிலர் தலையாட்டினார்கள். அழைப்பிதழ் அச்சடிக்கும் பொறுப்பில் இருந்தவர் மட்டும் உண்மையான கவலையோடு, “பேருக்குக் கீழே பதவின்னு என்னங்க போடுறது?” என்று கேட்டார். ‘பால்மரம் சீவியவர்’ என்று போடுங்கள், எந்தத் தோட்டம், எத்தனை வருடம் என்றும் சேர்த்துப் போடுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்.