இரு தடத்து நின்ற கருவி

ஆற்றிலொரு கால், சேற்றிலொரு கால் என்று நிற்றலாகாதென்பர் நம் முன்னோர். ஆயினும் அங்ஙனம் நின்றே தீரவேண்டிய கருவியொன்றுண்டு. அதனை நடத்தும் இயக்கி மென்பொருளை எழுதுதலே, இக்கல்லூரியை விட்டபின் யாம் மேற்கொண்ட தொழிலாயிற்று.

வானொலிப் பகுதி ஒன்றேயுடைய வைஃபைக் கருவி, ஒரு பொழுதில் ஓர் அலைத்தடத்திலேயே நிற்கவியலும். 6-ஆம் தடத்தில் (2437 மெகாஹெர்ட்ஸ்) ஒரு நிலையத்தோடும், 36-ஆம் தடத்தில் (5180 மெகாஹெர்ட்ஸ்) மற்றொரு நிலையத்தோடும் அது தொடர்புகொள்ள நேரின், இரண்டிற்கும் மாறிமாறிச் செல்லல் வேண்டும். சொல்லிவிட்டுச் செல்வதே அதன் ஒழுக்கம். உறங்கப்போவதாகக் குறித்து வெறுஞ்செய்தியொன்றை அது முதலில் அனுப்பும். நிலையமும் அதற்குரியவற்றைச் சேமித்துவைக்கும். உண்மையில் கருவி உறங்குவதில்லை; மற்றைத் தடத்துப் பணியை முடித்து மீண்டு, விழித்ததாக அறிவித்துச் சேமித்தவற்றைப் பெறும்.

அற்றேல், இப்பக்கத்தினின்று போகவேண்டிய செய்திகள் என்னாகும்? அவை அனுப்பு வரிசைகளிற் காத்துநிற்கும். 2005-ஆம் ஆண்டின் 802.11இ விதிப்படி அவ்வரிசைகள் குரல், காட்சி, பொது, பின்னணி என நான்காம்.

யாம் சோதித்த கருவியொன்றில் இரு தடத்திற்கும் அந்நான்கே பொதுவாயிருந்தன. 6-ஆம் தடத்தின் வழியாக ஒருவரும், 36-ஆம் தடத்தின் வழியாக எம் தோழரொருவரும் ஒரே பொழுதிற் பேசினர். கருவி 36-இல் நின்றபோதும், 6-க்குரிய செய்தி வரிசையின் தலையில் நின்று பின்னவற்றை மறித்தது. எதிர்முனையிலிருந்த எம் செவிக்குத் தோழர் குரல் அறுந்தறுந்தே எட்டிற்று. வானம் வெறுமையாய்க் கிடந்தது, வாயிலோ அடைபட்டிருந்தது.

மருந்து எளிதே: ஒவ்வொரு தொடர்புக்கும் தனித்தனி நான்கு வரிசைகள். லினக்ஸின் மேக்80211 பகுதி, இங்ஙனம் வரிசைகளைப் பிரித்துக்கொள்ள 2012-இல் இயக்கிகட்கு இடந்தந்தது. ஒரு தடத்தை விட்டு நீங்குங்கால் அதற்குரிய வரிசைகளை மட்டுமே நிறுத்தல் வேண்டும். கருவியினுட் புகுந்துவிட்ட செய்திகளை அனுப்பித் தீர்த்த பின்னரே தடம் மாறல் வேண்டும். இன்றேல் அவை கேட்பாரற்ற தடத்தில் ஒலித்து வீணாகும்.

வரிசைகளைப் பிரித்தபின், சிறிது தாழ்த்தேனும் இரு குரலும் அறாது கேட்டன. பொழுது பங்கிடப்பட்டமையால் இருவர்க்கும் விரைவு குறைந்ததே. எனினும் ஒருவரது காத்திருப்பு மற்றவர்மேல் ஏறவில்லை. படிப்பும் வீடும் ஒருங்கே அழைக்கும் மாணவ நண்பர்க்கு யாம் கூறுவதும் இதுவே: நீங்குமிடத்துச் சொல்லி நீங்குமின், நிற்குமிடத்து முற்றும் நின்மின்.