சிங்கப்பூர் க்ரூஸ் போறீங்களா? ஏஜென்ட்டிடம் பழக்கூடை வேண்டாம், டிப்ஸைக் கேளுங்க!

சிங்கப்பூர் டூர் என்றால் முன்பெல்லாம் செந்தோசா, முஸ்தபா, லிட்டில் இந்தியா. இப்போது அந்தப் பட்டியலில் கப்பலும் சேர்ந்துவிட்டது. மெரினா சவுத் பியர் எம்.ஆர்.டி ஸ்டேஷனில் இறங்கி, சூட்கேஸை உருட்டிக்கொண்டு மெரினா பே க்ரூஸ் சென்டருக்குப் போனால், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று தண்ணீரில் மிதப்பதுபோல நிற்கும் கப்பல். மூன்று, நான்கு இரவுகளில் பினாங்கு, புக்கெட் என்று சுற்றிக் காட்டிவிட்டு அதே இடத்தில் கொண்டுவந்து விடுவார்கள். கப்பல் கிளம்பும்போது மேல்தளத்தில் இடம்பிடித்துவிடுங்கள். ஒரு பக்கம் நகரத்தின் உயரக் கட்டடங்கள், மறுபக்கம் நங்கூரமிட்டு வரிசையாக நிற்கும் சரக்குக் கப்பல்கள். இந்தக் காட்சிக்குத் தனிக் கட்டணம் இல்லை.

மற்ற பலவற்றுக்கு உண்டு! அறை, சாப்பாடு, ஷோ, நீச்சல்குளம் எல்லாம் பெரும்பாலும் டிக்கெட்டிலேயே அடக்கம். வைஃபை, கூல்டிரிங்க்ஸ், ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், போட்டோ எல்லாம் தனி. கூடவே டிப்ஸ். நம்மூர் ஹோட்டலில் மனசுக்குப் பட்டதை வைத்துவிட்டு வருவதுபோல இல்லை. தலைக்கு இவ்வளவு என்று தினமும் நம் கணக்கில் தானாக ஏறும். ராயல் கரீபியன் நிறுவனம் 2023 நவம்பரில் இதைச் சாதாரண அறைகளுக்கு நாளொன்றுக்கு 18 டாலராக உயர்த்தியது. அந்தக் கணக்கில் 4 பேர் கொண்ட குடும்பத்துக்கு 4 இரவுகளுக்கு 288 டாலர். பட்ஜெட்டில் பலர் எழுத மறக்கும் தொகை இதுதான்.

இதை ஏஜென்ட்டிடம் கேட்கலாமா? தாராளமாக. கப்பல் நிறுவனம் ஏஜென்ட்டுக்கு கமிஷன் கொடுக்கிறது. துறைமுகக் கட்டணம், வரி ஆகியவற்றைக் கழித்த அடிப்படைக் கட்டணத்துக்குத்தான் அந்த கமிஷன். தான் அறிவித்த விலையை ஏஜென்ட் வெளிப்படையாகக் குறைத்து விளம்பரம் செய்வதைப் பல நிறுவனங்கள் விரும்புவதில்லை. அதனால் கமிஷனில் ஒரு பங்கு வேறு உருவத்தில் நமக்கு வருகிறது. முன்கூட்டியே கட்டிய டிப்ஸ், ஒருவேளை ஸ்பெஷல் டின்னர், கப்பலுக்குள் செலவழிக்க ‘ஆன்போர்டு கிரெடிட்’ என இப்படி.

சில ஏஜென்ட்டுகள் மொத்தமாக அறைகளைப் பிடித்துவைத்திருப்பார்கள். அவர்களுக்கு நிறுவனமே கூடுதல் சலுகை தருவதுண்டு. எனவே, “அந்தத் தேதிக்கு உங்களிடம் குரூப் புக்கிங் இருக்கா?” என்பதுதான் முதல் கேள்வி. அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே, இரண்டு மூன்று பேரிடம், அதே தேதி, அதே வகை அறைக்குக் கேளுங்கள். நேரடியாக இணையதளத்தில் புக் செய்துவிட்டீர்களா? முழுப்பணம் கட்டாதவரை, குறிப்பிட்ட நாள்களுக்குள் புக்கிங்கை ஏஜென்ட்டுக்கு மாற்றிக்கொள்ளப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன.

பழக்கூடை, ஷாம்பெயின் பாட்டில் என்றெல்லாம் ஆசை காட்டுவார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஆன்போர்டு கிரெடிட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலும் மிச்சத்தைப் பணமாகத் தரமாட்டார்கள். கடைசி இரவில் கப்பல் கடைக்கு ஓடி வேண்டாத டி-ஷர்ட் வாங்க வேண்டியதுதான். டிப்ஸ் அப்படியல்ல, எப்படியும் கட்ட வேண்டிய பணம். என் ஓட்டு அதற்கே. “பார்த்துக்கலாம் சார்” என்றால் விடாதீர்கள். எந்தச் சலுகை, எவ்வளவு தொகை என்று இன்வாய்ஸிலேயே எழுதி வாங்குங்கள்.

ஏஜென்ட் மூலம் போனால், பிறகு எந்த மாற்றத்துக்கும் அவரிடமே போகச் சொல்லிவிடும் கப்பல் நிறுவனம். ஆகவே, 50 டாலர் கூடுதலாகத் தருபவரைவிட போனை எடுப்பவர் மேல். பேக்கேஜுக்காக அவர் பிடிக்கும் டி.சி.எஸ் தொகையை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம், அது தனிக் கதை.

விசாவையும் அவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள், சர்வீஸ் சார்ஜ் இல்லாமல். இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா கட்டாயம். பினாங்கு போய்த் திரும்பினால் மறுபடியும் சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டும். விசா கைக்கு வந்ததும் அதில் ‘மல்டிபிள்’ என்ற வார்த்தை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.