தாமிரபரணிக் கரையோரம் – 4: மச்சில் கிடந்த நோட்டுகள்

சேரன்மகாதேவியைத் தாண்டியதும் ரயிலின் இருபக்கமும் வயல்தான். வீரவநல்லூருக்கு அடுத்த நிறுத்தம் கல்லிடைக்குறிச்சி. எங்கள் தெருவில் இன்னமும் வாசலுக்கு வாசல் அப்பளம் காய்கிறது.

"ஒங்கப்பா நோட்டெல்லாம் மச்சுலதாம்மா கெடக்கு. கரையான் ஏறுறதுக்குள்ள எடுத்துட்டுப் போ" என்றாள் அத்தை.

டிரங்குப் பெட்டியில் மேலாக இருந்தவை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த கால நோட்டுகள். அடியில் பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த வருடங்கள். அங்கே 1965 முதல் உருவான சேடக்கும், பின்னால் வந்த சீட்டாவும் பிரெஞ்சுக்காரர்கள் வடிவமைத்த ஹெலிகாப்டர்கள். அப்பாவின் வேலையும் அவற்றோடுதான் என்று நினைத்திருந்தோம். நோட்டில் இருந்ததோ எழுபதுகளில் நம்மவர்கள் வடிவமைக்க முனைந்த ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டருக்கான பிளேடு கணக்குகள்!

ஹெலிகாப்டர் முன்னேறும்போது, காற்றை எதிர்த்து வரும் பிளேடுக்குத் தூக்குவிசை கூடும். பின்னோக்கிப் போவதற்குக் குறையும். அப்படியே விட்டால் ஒருபக்கம் சாய்ந்துவிடும். ஸ்பெயினின் பொறியாளர் சியர்வா 1923இல், ஹெலிகாப்டருக்கு முன்னோடியான தன் ஆட்டோஜைரோவின் பிளேடுகளைக் கீலில் மாட்டி, மேலும் கீழும் அசையவிட்டு இதைத் தீர்த்தார். ஆனால் கீல் தேயும்; பராமரிப்பு ஓயாது. 1967இல் பறந்த ஜெர்மானிய போ-105 ஹெலிகாப்டர் அந்தக் கீலை விட்டுவிட்டு, கண்ணாடியிழை பிளேடையே வளையவிட்டது. தென்னை மட்டை காற்றுக்கு வளைவது போல. அப்பாவின் ஆங்கிலக் கணக்குகளுக்கு நடுவே, ஓரத்தில், தமிழில் ஒரு வரி: "கீலே வேண்டாமே?" அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"அப்போ அவன் போட்ட கணக்கு எதுவும் பறக்கலையா?" அத்தை கேட்டாள்.

அந்த ஹெலிகாப்டர் பறக்கவில்லை. இரண்டு இன்ஜின் வேண்டும் என்றது ராணுவம், திட்டம் மாறியது. 1984இல் ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனத்தோடு ஒப்பந்தம், 1992 ஆகஸ்ட் 20 அன்று, பின்னாளில் துருவ் என்று பெயர் பெற்ற ஹெலிகாப்டர் பெங்களூரில் மேலெழுந்தது. அதன் நான்கு பிளேடுகளுக்கும் கீல் கிடையாது. அது அப்பாவின் கணக்கால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுபதுகளை வீணான வருடங்கள் என்று யாரும் எழுதினால் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். பிளேடு ஏன் அதிர்கிறது, எங்கே முறிகிறது என்று அந்த வருடங்களில் இரவெல்லாம் கணக்குப் போட்டுப் பழகிய கூட்டம் ஒன்று இங்கே இருந்தது. அதில் என் அப்பா ஒருவர். வீட்டில் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

நோட்டுகளை வேப்பிலை போட்டு வேறு பெட்டிக்கு மாற்றியாயிற்று. நாளை அம்பாசமுத்திரத்தில் அவற்றை ஸ்கேன் செய்யக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து பாபநாசம்.

(பயணம் தொடரும்)