பெட்டி கட்டுவதற்குள்

எங்கள் ஊர் நூலகத்தில் கூரை வேலை. பழைய நாடகப் பிரதிகள் இருக்கும் பீரோவுக்கு வெறும் தார்ப்பாய்தான் காவல். நாலடி தள்ளி வெல்டிங் பொறி பறக்கிறது. பார்த்ததும் நெஞ்சு பதறிவிட்டது.

நினைவுக்கு வந்தது ஒரு தீவிபத்து. ஜெர்மனியின் வைமாரில் அன்னா அமாலியா நூலகம் 2004 செப்டம்பர் 2 இரவு எரிந்தது. சீரமைப்புக்காகப் புத்தகங்களை இடம் மாற்றச் சில வாரங்களே பாக்கி. சுமார் 50,000 நூல்கள் போயின. ஊரார் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி மற்றவற்றில் பலவற்றை மீட்டார்கள். 1534-ஆம் ஆண்டு லூதர் பைபிள் தப்பியது. தீயணைக்கும் நீரில் நனைந்தவற்றைப் பூஞ்சை பிடிக்குமுன் உறையவைத்து, பிறகு உலர்த்தினார்கள்.

அதனால் இங்கே மேஸ்திரியிடம் பேசினேன். வெல்டிங்கை வாசலுக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றார், நல்ல மனிதர். ஞாயிறு காலை பீரோவைக் காலி செய்கிறோம். சுத்தமான அட்டைப்பெட்டி, பழைய பருத்தி வேட்டி இருந்தால் கொண்டுவாருங்கள்.