ரங்கூனைக் காணோம்

வியாசர்பாடி பி.வி. காலனியில் வெயில் இறங்கிய பிறகுதான் அடுப்புகள் தெருவுக்கு வரும். அத்தோ கடைக்காரர் மஞ்சள் நூடுல்ஸை அள்ளிச் சட்டியில் போடுகிறார். முட்டைகோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் என ஒவ்வொன்றாக விழ விழ, கை நிற்காமல் பிசைகிறது. பக்கத்து அடுப்பில் வாழைத்தண்டு சூப். கடையை ஒட்டிய வீட்டு வாசலில், தெருவைப் பார்த்தபடி ஒரு டிவி. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. 'ரங்கூன் ராதா'.

டிவிக்கு நேர் எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில் ஓர் ஆயா. எண்பதைத் தொடும் வயது, பர்மாவில் பிறந்தவர். கையில் சூப் கிண்ணம், கண் திரையில். அம்பேத்கர் கல்லூரியில் படிக்கும் பேத்தி தோளில் பையோடு வந்து நிற்கிறாள்.

"இன்னா ஆயா, உங்க ஊரு படமா?"

"பேருலதான் ரங்கூன் இருக்கு. இவ்வளவு நேரமாப் பாக்குறேன், ஊரக் காணோம்."

காணோம்தான். இந்தப் படத்தில் ரங்கூன் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும் இடம். கதையெல்லாம் இங்கே, ஒரு பெரிய வீட்டுக்குள் நடக்கிறது. தர்மலிங்க முதலியார் ஊர் மதிக்கும் செல்வந்தர். மனைவி ரங்கம் வழியில் வந்த சொத்து போதாது, அவள் தங்கையையும் கட்டிக்கொண்டால் முழுச் சொத்தும் கைக்கு வரும். அதற்கு ரங்கம் இடைஞ்சல். அடிக்கவில்லை, கொல்லவில்லை, அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, பேய் பிடித்துவிட்டது என்று ஊரை நம்பவைக்கிறார். அண்ணாவின் நாவல், மு. கருணாநிதியின் வசனம், ஏ. காசிலிங்கத்தின் இயக்கம். முதலியாராகச் சிவாஜி, ரங்கமாக பானுமதி. 1956 தீபாவளிக்கு வந்த படம்.

அண்ணாவின் கதைக்குப் பின்னால் ஒரு ஹாலிவுட் படம் உண்டு என்பார்கள்: 1944-இல் ஜார்ஜ் குகோர் எடுத்த 'கேஸ்லைட்'. லண்டனில் ஒரு கனவான் வீடு. மாடியில் நகை தேடும் கணவன், அப்போதெல்லாம் மங்கும் கேஸ் விளக்கு, விளக்கு மங்குகிறது என்று சொல்கிற மனைவிக்குப் பைத்தியப் பட்டம். மனைவியாக நடித்த இங்கிரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அங்கே மனைவியின் தலைக்கு மேலே நகை. இங்கே மனைவியின் தங்கைக்குப் பின்னால் நிலமும் வீடும். நம் ஊருக்கு விளக்கு வித்தை தேவைப்படவில்லை, பேய் போதுமாக இருந்தது.

ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு ஒருவர் வருகிறார். முட்டை பேஜோவுக்குச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கிறார். முகம் சுருங்குகிறது. "தலைவருக்கு ஏன்பா இந்த வேஷம்?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டதில்தான் இந்தப் படம் மறக்கப்பட்ட காரணம் இருக்கிறது என்று தோன்றுகிறது. இதே சிவாஜி, இதே கருணாநிதி, 1952-இல் 'பராசக்தி' தந்தார்கள். ரங்கூனிலிருந்து வந்து இறங்கிய குணசேகரனைச் சென்னை ஏமாற்றியது. சனம் அவன் பக்கம் நின்றது. நான்கே வருஷத்தில் அந்த ஆளே பட்டுச் சட்டை போட்டு ஊரை ஏமாற்றினால் எந்தப் பக்கம் நிற்பது? 'திரும்பிப் பார்', 'அந்த நாள்' என்று அவர் கெட்டவனாக முன்பும் வந்திருக்கிறார். ஆனால் இந்த முதலியார் வேறு மாதிரி. குரலை உயர்த்தாமல், மனைவிக்காக வருத்தப்படுகிற முகத்தோடு வருகிறார். அதுதான் கிலி. அதே 1956-இல் 'மதுரை வீரன்' அரங்குகளை நிறைத்தது. கைதட்ட ஆள் இருக்கும் படம் அது.

குறைகள் இருக்கின்றன. வசனம் பல இடங்களில் மேடை ஏறிவிடுகிறது. மறுவருஷமே மறைந்துபோன என்.எஸ். கிருஷ்ணன் வரும் இடங்களில் மட்டும் மூச்சு விடலாம். தலைப்புக்குரிய ராதாவாக ராஜசுலோச்சனா. ஆனால் படம் அவருடையதல்ல, பானுமதியுடையது.

அவர் மகளைப் பள்ளிக்கு அனுப்பப் பாடும் பாரதிதாசன் பாட்டு வருகிறது. மாவு வாங்கப் போன பெண் ஒருத்தி பாத்திரத்தை இடுப்பில் வைத்தபடி நிற்கிறாள். பாட்டு முடிகிற வரைக்கும் நகரவில்லை.

பேத்தி ஆயாவின் காதருகே குனிகிறாள். "அந்தம்மா லூசு இல்லன்னு யாருக்குமா தெரியல?"

"தெரியும். பெரிய மனுஷன் சொல்லிட்டானே."

அதைச் சொல்லும்போது ஆயா பேத்தியைப் பார்க்கவில்லை. ரங்கத்தின் கழுத்தைப் பார்க்கிறார்.

"எங்கப்பாவும் அங்க பெரிய மனுஷருதான். கடை இருந்துச்சு. ஒரே நாள்ல சர்க்கார் கடைன்னுட்டாங்க. கப்பல் ஏறுறப்ப மூக்குத்தியக்கூடக் கழட்டச் சொன்னாங்க."

பர்மாவில் 1962-இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. தலைமுறை தலைமுறையாக வட்டிக்கடையும் அரிசி வியாபாரமும் கூலி வேலையுமாக இருந்த தமிழர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியமர்ந்தவர்களில் முதலாளி, கூலி என்ற வித்தியாசம் முகாம் வரிசையிலேயே கரைந்துவிட்டது. அந்த வரிசையில் நின்றவர் கண்ணுக்கு, சொத்துக்காக முதலியார் போடும் திட்டமெல்லாம் எப்படித் தெரியும்? ஆயா சிரிப்பது அந்த இடங்களில்தான். திருட்டுப் பார்வையோடு சிவாஜி பத்திரங்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் ஒரு சிறு சிரிப்பு, பல் தெரியாமல்.

விளம்பர இடைவேளை. ஆட்டோக்காரர் காசு கொடுத்துவிட்டு, "கடைசில திருந்துவாரா?" என்று கடைக்காரரிடம் கேட்கிறார்.

"தெரியாது சார், நான் எப்பவும் பாதிதான் பாக்குறேன். சூப் வேணுமா?"

டிவியில் இந்தப் படம் எப்போதாவது தட்டுப்பட்டால் சேனலை மாற்றாதீர்கள். சிவாஜிக்காகப் பார்க்க வேறு படங்கள் இருக்கின்றன; இதைப் பானுமதிக்காகப் பாருங்கள்.