முன்பிருந்தவரின் வைஃபை

சென்னையில் வாடகை வீட்டுக்குக் குடிவருகிறவர் பால் காய்ச்சிய கையோடு தேடுவது இணையத்தை. கூடத்து மூலையில் ஒரு வெள்ளைப் பெட்டி, பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும். முன்பிருந்தவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இணைப்பு மட்டும் போகவில்லை. பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் பாஸ்வேர்டுகூட இருக்கும். யோகம்தான்!

புது இணைப்புக்குப் பதிவு செய்தால் வேறு பாட்டு கேட்கும். "இந்த அட்ரஸ்ல ஏற்கெனவே லைன் ஓடுது சார். பழைய கஸ்டமர் சரண்டர் பண்ணட்டும்."

மின்சாரத்தில் இந்தத் தொல்லை இல்லை. இபி இணைப்பு வீட்டோடு ஒட்டியது. ஆள் மாறினாலும் சர்வீஸ் நம்பர் மாறாது. காஸ் இணைப்பு ஆளோடு போவது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். இணையம்தான் இரண்டுங்கெட்டான். கண்ணாடி இழை சுவரில், கணக்கு ஊரைவிட்டுப் போனவர் பெயரில்.

இணைய நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வரும் ஒற்றை இழையை ஸ்ப்ளிட்டர் என்னும் சிறு கருவி 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறது. எல்லா வீட்டுக்கும் போவது ஒரே ஒளி. அதில் எது யாருடையது என்று தீர்மானிப்பது, நிலையத்தில் பதிவாகியிருக்கும் வீட்டுப் பெட்டியின் வரிசை எண். பல நிறுவனங்கள் பெட்டிக்குள் ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் வேறு பதிந்து வைக்கின்றன. இது தெரியாமல், 'புதுசாக்கிவிடலாம்' என்று குண்டூசியால் ரீசெட் பொத்தானை அழுத்துகிறவர்கள் உண்டு. அந்த விவரம் அழிந்துபோனால் பச்சை விளக்கு எரியும், இணையம் வராது.

"பழையவருக்கே மாசாமாசம் பணம் அனுப்பிட்டா போச்சு" என்பார் வீட்டுக்காரர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்தவர் பெயரில் இணையத்தைப் பயன்படுத்துவதில் ஒரு வம்பு உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மின்னஞ்சலின் ஐபி முகவரியைத் தேடிப்போன போலீஸ், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. பாஸ்வேர்டு இல்லாத அவருடைய வைஃபை வழியே வேறு யாரோ அனுப்பியது அது. இருந்தும் விசாரணைக்கு உட்கார வேண்டியிருந்தவர் அந்த அமெரிக்கர்தான். கணக்கு யார் பெயரிலோ அவரைத்தான் முதலில் கேட்பார்கள். பெங்களூருக்குப் போனவர் இதை யோசித்திருக்க மாட்டார். பில் தொகை அவர் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தால், இணைப்பு இருப்பதே அவருக்கு மறந்திருக்கும். குடிவந்தவருக்கும் நிம்மதி இல்லை: பழையவர் நினைத்தால் ஒரு நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம்.

வீட்டுக்காரரிடம் நம்பர் வாங்கிப் பழையவரிடம் பேசுவதே நேர்வழி. சரண்டருக்கான ஓடிபி பெரும்பாலும் அவர் கைபேசிக்குத்தான் போகும். அவர் பிடிகொடுக்காவிட்டால் வேறு நிறுவனத்தைப் பார்க்க வேண்டியதுதான். "சுவத்துல டிரில் போடக் கூடாது" என்று வீட்டுக்காரர் மறித்தால், பழைய ஓட்டையைக் காட்டலாம். மெல்லிய ஒயர், அதிலேயே இன்னொன்றும் நுழையும்.

கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுதும் வந்தது. வீட்டு இணையத்தை ஒரு குடித்தனக்காரரிடமிருந்து அடுத்தவருக்கு மாற்றித் தர அப்படியொரு பொது ஏற்பாடு இல்லை. அது வரும்வரை, வீட்டைக் காலி செய்கிறவர்கள் சாவியைக் கொடுக்கும் முன் மோடத்தைத் திருப்பிக் கொடுத்து, இணைப்பை முடித்ததற்கு ரசீதும் வாங்கிவிடுங்கள். மோடத்துக்குக் கட்டிய டெபாசிட் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள்.